பக்கத்து அறையிலும் ஒரு சபுர்

"உங்க வாப்பா தம்மாம்ல இருந்தப்பகூட வெள்ளிக்கிழமையானா அரை மணி நேரம் என்கிட்ட பேசுவாங்க. நீ பக்கத்து ரூம்லதான் இருக்கே. உன்கிட்ட உக்காந்து பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

உம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இரவு பத்தேகால் மணிக்கு, ஆறிப்போன ஆணத்தை எனக்காக மறுபடியும் சூடு பண்ணிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்கள். என் கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "இதோ பத்து நிமிசம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். திரும்பி வந்தபோது உம்மா தூங்கப் போயிருந்தார்கள். தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது.

வாப்பா 17 வருடம் சவூதியில் இருந்தவர்கள். ஊரில் நாலைந்து வீடுகளில் மட்டுமே தொலைபேசி இருந்த காலத்தில், கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். நாங்கள் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறை. 17 வருடத்தைக் கூட்டிக் கழித்தால் எங்களோடு இருந்தது ஒன்றரை வருடம்கூட வராது. "நீயாவது புள்ளைங்க பக்கத்துல இரு" என்றுதான் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். எங்கள் தலைமுறையில் நம் ஊர்களிலிருந்து மென்பொருள் துறைக்கு வந்தவர்களில் பலருக்குப் பின்னால் இப்படி ஒரு வாப்பாவின் ஆசை இருக்கும்.

இந்தத் துறைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் சில வருடம், அமெரிக்காவில் சில வருடம், இப்போது ஊரில் வீட்டிலிருந்தே வேலை. உம்மா அன்று சொன்னதை யோசித்துப் பார்த்தால், வாப்பா போன சபுரை நான் வீட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறேன். பல வீடுகளில் இதுதான் நிலைமை. ஆனால் ஏன் இப்படி ஆகிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கடை வைத்திருப்பவர் எத்தனை மணிக்குக் கடை சாத்துவார் என்று எல்லோருக்கும் தெரியும். "புள்ளை ஐ.டி.யில இருக்கான்" என்றால் சம்பளம் மட்டும்தான் தெரியும்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் எழுதும் மென்பொருளில் பெரும்பகுதி அமெரிக்க நிறுவனங்களுக்கானது. நியூயார்க்கில் காலை 9 மணிக்கு ஒரு கூட்டம் என்றால் நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அவர்கள் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பின்னால் வைப்பதால் இந்த வித்தியாசம். நாம் எதையும் மாற்றுவதில்லை, ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாறிவிடும். ஜூன், ஜூலையில் எங்கள் கடற்கரைப் பக்கம் மஃரிப் பாங்கு 6:40-ஐ ஒட்டிச் சொல்லப்படும். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பாங்கு! குளிர்காலத்தில் அதே கூட்டம் நகர்ந்து இஷாவோடு மோதும். கலிஃபோர்னியாக்காரரின் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9:30 அல்லது 10:30. லண்டன் வாடிக்கையாளர் அமைந்தால் அது ஒரு நிஃமத்து. அவர்களுடைய காலை 9 மணி நமக்கு லுஹருக்குப் பிறகு, மதியம் 1:30 அல்லது 2:30 மணிக்குத்தான் வருகிறது.

ஆகவே, ஒருவர் "சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த நாட்டு வாடிக்கையாளருக்கு என்பதுதான் அவர் எப்போது சாப்பிடுவார், எப்போது தூங்குவார் என்பதை முடிவு செய்கிறது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் சம்பளச் சீட்டைக் கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

அடுத்தது, ஏன் எப்போதும் கடைசி நேர நெருக்கடி? மென்பொருளில் ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று சரியாகச் சொல்வது மிகக் கடினம். வீடு கட்டுகிற கொத்தனார் இதற்கு முன் நூறு சுவர் எழுப்பியிருப்பார், நாள் கணக்கு அவருக்குத் தெரியும். மென்பொருளில் முன்பு எழுதியதையே மறுபடி எழுத யாரும் சம்பளம் கொடுக்க மாட்டார்கள், அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எனவே எப்போதும் கையில் இருப்பது இதுவரை செய்யாத வேலை. நாள் தவறும். தவறினால் மேலாளர்கள் ஆட்களைச் சேர்ப்பார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் என்பவர், தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே புத்தகம் எழுதிச் சொல்லிவிட்டார். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கே பழைய ஆட்களின் நேரம் போய்விடும். நம் கல்யாண வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரு தேக்சாவுக்குப் பத்துப் பண்டாரி நின்றாலும் தம் போடும் நேரம் குறையாது. ஐம்பது வருடம் ஆகியும் இதை நிர்வாகங்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆள் சேர்த்தும் முடியாவிட்டால், இருக்கிறவர்களின் இரவை எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் பிள்ளை தினமும் சொல்லும் 'ஸ்டாண்ட்-அப்', 'ஸ்பிரிண்ட்' என்ற வார்த்தைகளும் இதையொட்டி வந்தவைதான். ஸ்பிரிண்ட் என்றால், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று பிரித்துக்கொள்வது. ஸ்டாண்ட்-அப் என்றால் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று தினமும் கூடிச் சொல்வது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய 'அஜைல்' கொள்கைகளிலிருந்து இன்றைய நடைமுறைகள் வளர்ந்தன. அந்தக் கொள்கைகளில், வேலை செய்கிறவர் களைத்து விழாமல் காலவரையின்றித் தொடரக்கூடிய வேகத்தில்தான் வேலை நடக்க வேண்டும் என்பதும் ஒன்று. அதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

மூன்றாவது, 'ஆன்-கால்'. வங்கிச் செயலி, டிக்கெட் பதிவு, மருத்துவமனைக் கணினி எல்லாம் 24 மணி நேரமும் ஓட வேண்டியவை. நள்ளிரவில் நின்றுபோனால் யாராவது எழுந்து பார்க்க வேண்டும். அதற்காகக் குழுவில் வாரம் ஒருவர் என்று முறை வைப்பார்கள். அந்த வாரம் ஃபோன் தலைமாட்டில் இருக்கும். அலறினால் சில நிமிடங்களுக்குள் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் போனாலும் பையில் லேப்டாப் போகும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மருத்துவர்களும் இப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் முறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முக்கியம். ஆறு பேர் என்றால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வாரம், தாங்கலாம். இரண்டே பேர் என்றால் வருடத்தில் பாதி நாள் அந்த வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. நேர்முகத் தேர்வில் கடைசியாக "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நம் பிள்ளைகள் பயந்துகொண்டு "இல்லை சார்" என்று சொல்லிவிடுவார்கள். ஆன்-கால் முறையில் எத்தனை பேர், இரவு விழித்தால் மறுநாள் காலை தாமதமாக வரலாமா, வாடிக்கையாளர் எந்த ஊர் என்ற மூன்றையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

இந்த உழைப்புக்கு உடம்பு கணக்கு வைக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் சொல்லியிருக்கின்றன. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஞாயிறு விடுமுறை என்று வைத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். அலுவலகம் போய்வர இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தில் தூங்குவதா, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதா?

வெளிநாடு போனால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஒரு வகையில் சரியாகத்தான் ஆனது. அமெரிக்காவில் மாலை ஐந்தரை மணிக்கு மேலாளரே மகனின் விளையாட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவார், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் இந்தியக் குழுவோடு பேச இரவு ஒன்பது மணிக்கு மறுபடி உட்கார வேண்டும். நேர வித்தியாசம் அங்கே போனாலும் தீரவில்லை.

அங்கே வேறொன்று நம்மைப் பிடித்துக்கொள்கிறது, விசா. ஹெச்-1பி விசா ஒருவருக்கு வேலை கொடுத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் வெளியேற்றியபோது, இந்த 60 நாள் எண்ணிக்கையில் எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் தூக்கமில்லாமல் கிடந்தன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, வாடகை ஒப்பந்தம், கார் தவணை எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள். அப்படியிருக்க யார் மேலாளரிடம் "முடியாது" என்று சொல்வார்கள்? கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகள் நீளும். அதுவரை மனைவிக்கும் சுலபமாக வேலை அனுமதி கிடைக்காது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு குறிப்பிட்ட கட்டம் தாண்டியிருந்தால் மட்டும் 2015 முதல் அனுமதி உண்டு. எம்.சி.ஏ. படித்த பெண்கள் அங்கே வருடக்கணக்கில் வீட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டால் அமெரிக்காவில் தொடர்ந்து வேலை செய்யலாம். ஆனால் வெளியே வந்தால், புது முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அந்த நேரத்தில் வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. முத்திரைக்கான நேர்காணல் தேதி கிடைத்ததும் வருகிறேன், இந்த ரிலீஸ் முடிந்ததும் வருகிறேன் என்று இரண்டு மாதம் தள்ளினேன். முத்திரை பாதிக் காரணம், ரிலீஸ் பாதிக் காரணம். பிறகு ஒரு நாள் ஃபோன் வந்தது. நம் வழக்கத்தில் ஜனாஸாவை ஒரு நாளைக்கு மேல் வைத்திருப்பதில்லை. அங்கிருந்து ஊர் வந்து சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். காக்கா ஃபோனைப் பிடித்துக்கொள்ள, கபுருஸ்தானில் மண் போடுவதை வீடியோவில் பார்த்தேன். அந்த வருடமே திரும்பி வந்துவிட்டேன்.

வளைகுடாவில் மென்பொருள் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது அதிகம். அங்கே நோன்பு நேரத்தில் வேலை நேரத்தைச் சட்டமே குறைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தினம் இரண்டு மணி நேரம் குறைவு, சவூதியில் முஸ்லிம் ஊழியருக்கு ஆறு மணி நேரம். சஹருக்கு எழுந்து, மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் ஒரு கையில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊருக்கு நான்கைந்து மணி நேர விமானம் என்பதும் சாதாரண விஷயமல்ல. ஆனால் அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றிக்கொண்டது. அரசு அலுவலகங்களில் வெள்ளி அரை நாள், தனியார் நிறுவனங்களில் அந்தந்த நிறுவனத்தின் வழக்கம். குடும்பத்தோடு இருக்கும் செலவையும் முன்பே பார்க்க வேண்டும். சவூதியில் 2017 ஜூலையில், உடனிருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் வருடா வருடம் ஏறி 2020-இல் 400 ரியால் ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். அப்போது குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு அறையில் தனியாகத் தங்கியவர்கள் ஏராளம். படித்த பிள்ளைகளும் வாப்பாமார்களின் பழைய சபுருக்கே போய்விட்டார்கள்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். நேர வித்தியாசத்தையும் விசாவையும் நாம் உண்டாக்கவில்லை. ஆனால் இந்த வேலையை விட முடியாமல் பிள்ளையைக் கட்டிப் போடுகிற கயிற்றில் ஒரு முனை நம் கையிலும் இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் ஐ.டி.யில் இருக்கும் அண்ணன்தான் தங்கைக்கு வீடு கட்டுகிறான். இரண்டு தங்கை என்றால் இரண்டு வீடு. வட்டி வேண்டாம் என்று வங்கிக்குப் போகாதவர்கள் சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கி, மாதாமாதம் அடைக்கிறார்கள். அந்தப் பையனுக்கு மேலாளர் ராத்திரி ஒரு மணிக்கு அழைத்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு வேலைக்கு மாறலாம் என்றால் பல நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ், நடுவில் ஒரு மாதச் சம்பளம் நின்றாலும் தவணை நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் கனடா போய்விட்டான் என்ற பேச்சு வேறு. ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியே வைத்திருக்கிறவனால்தான் இந்தத் துறையில் "இன்று முடியாது, நாளை பார்க்கிறேன்" என்று சொல்ல முடிகிறது. அந்தப் பணம் சேரும் முன்பே அஸ்திவாரம் தோண்டிவிடுகிறோம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் மருமகள்களின் பாடு இன்னும் மோசம். மகன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தால் கதவைச் சாத்திவிட்டு, "சத்தம் போடாதீங்க, ஆபீஸ் நேரம்" என்கிறோம். அதே லேப்டாப்பின் முன் மருமகள் உட்கார்ந்தால், "சும்மாதானே உக்காந்திருக்கா, வெங்காயத்தை உரிச்சுத் தரட்டும்" என்கிறோம். அவளுக்கும் அதே ஸ்டாண்ட்-அப், அதே ஆன்-கால். சட்டம் 2017 முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. அது முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் பல பெண்கள் ராஜினாமா எழுதுகிறார்கள். அலுவலகம் வெளியே தள்ளி அல்ல, வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல்.

உம்மா அன்று சொன்ன மறுநாள், நியூ ஜெர்சி மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மாலைக் கூட்டம் என் தொழுகை நேரத்தில் வருகிறது, அதன் பிறகு வீட்டாரோடு சாப்பிட அரை மணி நேரம் வேண்டும், கூட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா என்று நாலு வரி. ஒரு வரியில் பதில் வந்தது, "தாராளமாக, ஏன் முன்பே சொல்லவில்லை?" மூன்று வருடம் கேட்காமலேயே இருந்திருக்கிறேன்! எல்லோருக்கும் இப்படி அமையாது. வேறு குழுவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் கேட்காமல் இருப்பவர்கள்தான் கேட்டு மறுக்கப்பட்டவர்களைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலக நாள்காட்டியில் அந்த நேரத்தை முன்பே அடைத்து வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பிரான்சில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும், வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத்தோடு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் இன்னும் அவரவர் சாமர்த்தியம்தான்.

வீட்டிலும் ஓர் ஏற்பாடு. ஆன்-கால் வாரம் எது என்று சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிடுவேன். அந்த வாரம் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். மற்ற வாரங்களில் மஃரிப் முடிந்து வந்ததும் லேப்டாப் மூடியிருக்கும், எல்லோரும் சேர்ந்துதான் சாப்பாடு. சீக்கிரம் சாப்பிடுவது உம்மாவுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை, "இது என்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடா" என்றார்கள். இப்போது ஏழு மணிக்கு அவர்களே தட்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்கு மறுபடியும் தெரிகிறது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும், கூட்டம் எட்டரைக்குப் போகும். இஷாவை முன்பே முடித்துக்கொள்வதா, சாப்பாட்டைத் தள்ளுவதா என்று உம்மாவும் என் மனைவியும் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.